உம்மம்மா மெஷினும் பைத்தன் 3.8 உம்

பதிவு கொஞ்சம் நீளம். விடைத்தாள் திருத்திக் களைத்திருப்பவர்கள் ஆறுதலாக வாசியுங்கள். கடைசியில் உங்களிடம் கேட்க ஒரு விஷயமும் இருக்கிறது.

கடந்த தவணை முடிகிற நேரம், தெரணியகலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றிலிருந்து ஒரு சேர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். கொம்பியூட்டர் திரையைப் போனால் பிடித்த படம். சின்னப் பெட்டி, சிவப்புக் குறி, "ஏபிஐ-எம்எஸ்-வின்-கோர்-பாத்" என்று தொடங்கும் ஒரு நீண்ட பெயர், அந்த டிஎல்எல் ஃபைல் இந்தக் கணினியில் இல்லை என்ற செய்தி. அதன் கீழே வொய்ஸ் மெசேஜ்.

"சேர், ஒங்க சொஃப்ட்வெயார தொறக்க முடியல. இன்டர்நெட்ல தேடிப் பாத்தேன். அந்த ஃபைல சும்மா குடுக்கிற சைட் ஒன்னு இருக்கு. அத எறக்கிப் போட்டா சரியாகுமா?"

அந்தக் கடைசிக் கேள்வியில்தான் எங்களுக்கு வயிறு கலங்கியது. டிஎல்எல் ஃபைலைத் தனியாகக் கொடுக்கும் சைட்டுகளில் என்னென்ன ஒட்டிக்கொண்டு வரும் என்று யாருக்குத் தெரியும்? பிள்ளைகளின் புள்ளிகள் முழுக்க அந்த மெஷினில். உடனே அழைத்து, "வேண்டாம் சேர், ஒன்றும் இறக்காதீர்கள், பிழை எங்களுடையது" என்றோம்.

பிழை எங்களுடையதேதான். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

புதிதாக வந்தவர்களுக்காகக் கதையின் தொடக்கம். நாங்கள் மூன்று பேர். தகவல் தொழினுட்பம் படிப்பிக்கும் நாங்கள், கணித மிஸ், எங்களிடம் படித்து இப்போது கொழும்பில் மென்பொருள் வேலை செய்யும் ஒரு தம்பி. 2022 இல் பெற்றோல் இல்லாமல், பஸ் இல்லாமல், பாடசாலை பாதி நாள் மூடிக் கிடந்த மாதங்களில் தொடங்கிய வேலை இது. புள்ளிகளைப் போட்டால் கூட்டுத்தொகை, சராசரி, வகுப்பு நிலை, தமிழில் தேர்ச்சி அறிக்கை எல்லாம் வந்துவிட வேண்டும். பைத்தனில் எழுதினோம். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், காசு இல்லை என்று கிட்ஹப்பில் திறந்து வைத்தோம். கேள்விப்பட்டு நாலைந்து பாடசாலைகள் எடுத்துக்கொண்டன. அல்ஹம்துலில்லாஹ், அதுவரை சந்தோஷம்தான்.

தம்பியின் லெப்டொப்பில் விண்டோஸ் 11, பைத்தன் 3.11. அதில் கட்டிய எக்ஸ்இ ஃபைலைத்தான் எல்லோருக்கும் கொடுத்தோம். எங்கள் பாடசாலை லேப்பில் விண்டோஸ் 10. ஓடியது. தோட்டப் பாடசாலையில் இருந்ததோ விண்டோஸ் 7.

இந்த இடத்தில் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஓர் ஆகக்குறைந்த வேர்ஷன் உண்டு. இதற்குக் கீழே இருந்தால் ஓடாது என்ற கோடு. உங்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். 2025 ஜனவரியில் வாட்ஸ்அப் அண்ட்ரொய்ட் 4.4 போன்களைக் கைவிட்டபோது எத்தனை வீடுகளில் வாப்பாமாரின் பழைய போன் அலமாரிக்குள் போனது! ஸ்கிரட்ச் 3 வந்தபோதும் இதே கதை. 2019 இல் வந்த அந்த வேர்ஷனைக் கணினியில் போட விண்டோஸ் 10 வேண்டும். பழைய லேப் உள்ள பாடசாலைகள் ஸ்கிரட்ச் 1.4 ஐயே வைத்துச் சமாளித்தன. கோடு போட்டவர்களை அப்போது நாங்களும் ஏசியிருக்கிறோம். இப்போது கோடு போட்டது நாங்கள். அதுவும் போட்டோம் என்று தெரியாமலே போட்டுவிட்டோம்.

பைத்தன் 3.8 தான் விண்டோஸ் 7 இல் ஓடும் கடைசி வேர்ஷன். 2019 ஒக்டோபரில் வந்தது. விண்டோஸ் 7 க்கு மைக்ரோசொஃப்ட் தந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14 உடன் நின்றன. மைக்ரோசொஃப்ட் கவனிக்கும் வரைதான் நாங்களும் கவனிப்போம் என்பது பைத்தன்காரர்களின் விதி. அதனால் அதே வருடம் ஒக்டோபரில் வந்த 3.9 விண்டோஸ் 7 ஐ விட்டுவிட்டது. அவர்கள் செய்தது பிழை என்று சொல்ல மாட்டோம். அவர்கள் விதியை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். நாங்கள்தான் ஒன்றும் எழுதி வைக்கவில்லை.

சரி, 3.8 இல் திரும்பக் கட்டி அனுப்பினால் முடிந்தது என்று நினைத்தோம். தம்பி இரவோடிரவாகக் கட்டி அனுப்பினார். அடுத்த நாள் இன்னொரு வொய்ஸ் மெசேஜ். "சேர், தொறக்குது. ஆனா மொத புள்ளையோட சேர்விலக்கத்தப் போட்ட ஒடனே மூடிக்குது."

காரணம் தேட அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. வெட்கம் தீரத்தான் நாளாயிற்று. சேர்விலக்கத்தின் முன்னால் இருக்கும் எழுத்தைக் கழற்ற "ரிமூவ்ப்ரிஃபிக்ஸ்" என்ற ஒரு கட்டளையைப் போட்டிருந்தோம். அது 3.9 இல் வந்த கட்டளை. 3.8 க்கு அந்தச் சொல்லே தெரியாது. சீ மொழியிலோ பஸ்கலிலோ எழுதியிருந்தால் கம்பைலர் அப்போதே, "இப்படி ஒன்றை நான் அறியேன்" என்று கட்ட மறுத்திருக்கும். பைத்தன் அப்படியில்லை. அந்த வரிக்கு வந்து சேரும் வரை சும்மா இருந்துவிட்டு, வந்ததும் விழும். விழுந்தது எங்கள் மேசையில் இல்லை, அந்தச் சேரின் மேசையில். ஒரே ஒரு வரி. அதையே பழைய முறையில் எழுதினால் இன்னும் பத்துப் பதினைந்து எழுத்துக் கூடும், அவ்வளவுதான்.

மூன்றாவது அடியும் வந்தது. அந்த லேப்பில் ஒரு மெஷின் மட்டும் 64 பிட், மற்றவை 32 பிட். நாங்கள் கட்டியது 64 பிட். அதைப் பற்றி நீட்டவில்லை. 32 பிட் பைத்தனில் கட்டினால் இரண்டிலும் ஓடும் என்பதை அன்று கற்றுக்கொண்டோம்.

அதற்குப் பிறகுதான் மூவரும் உட்கார்ந்து, எது எங்கள் ஆகக்குறைந்த வேர்ஷன் என்று உருப்படியாகப் பேசினோம். கணித மிஸ்ஸின் வீட்டில், பிளேன்டீயும் சூடான வடையும் வைத்துக்கொண்டு. சண்டையும் வந்தது.

தம்பி சொன்னார், "சேர், 3.8 செத்துப் போச்சு. 2024 ஒக்டோபரோட அதுக்குத் திருத்தமே வாறல்ல. செத்ததுக்கு மேல வீடு கட்டக் கூடாது." சரியான பேச்சு. உண்மையில் நிலைமை அதைவிட மோசம். 2021 மேயில் வந்த 3.8.10 தான் விண்டோஸுக்கு ஆயத்தமாகக் கட்டிக் கொடுத்த கடைசி 3.8. அதற்குப் பிறகு வந்த திருத்தங்கள் மூலநிரலாக மட்டுமே வந்தன. வேண்டுமென்றால் கம்பைலர் வைத்து நாமே கட்டிக்கொள்ள வேண்டும். நம்மில் யார் கட்டுவது?

மிஸ் வேறு பக்கம். "ஓ எல் பிள்ளைகளுக்கு பஸ்கல் தானே படிப்பிக்கிறோம்? அதிலேயே எழுதினால் என்ன? ஒரு எக்ஸ்இ, எந்த மெஷினிலும் ஓடும், ஒரு லைப்ரரியும் தேவையில்லை." சிரித்தோம், ஆனால் சிரிப்பதற்கான பேச்சில்லை அது. சார்பு குறைந்த மென்பொருள்தான் பழைய மெஷினில் நீண்ட நாள் வாழும். பஸ்கலுக்கு மாறவில்லை, தமிழ் எழுத்து வேலைகள் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய எங்களுக்குத் தெம்பில்லை. ஆனால் அவர் சொன்னதில் பாதியை எடுத்துக்கொண்டோம்.

எப்படியென்றால், கோடு எங்கே விழும் என்பது நாங்கள் எழுதிய நிரலால் மட்டும் முடிவாவதில்லை. நாங்கள் இழுத்து வைத்த ஒவ்வொரு லைப்ரரிக்கும் சொந்தக் கோடு ஒன்று இருக்கிறது. எல்லாக் கோடுகளிலும் எது உயரமோ அதுதான் எங்கள் கோடு. சராசரி பார்க்கவும் எக்செல் வாசிக்கவும் பாண்டாஸ் என்ற லைப்ரரியைப் போட்டிருந்தோம். அதன் 2.1 க்கு பைத்தன் 3.9 வேண்டும். 3.8 இல் நின்றால் 2.0.3 ஓடு நிற்க வேண்டும். பாண்டாஸ் சாய்ந்திருக்கும் நம்பை லைப்ரரியும் 1.24 ஓடு நின்றுவிடும். இரண்டும் ஆராய்ச்சிக்காரர்கள் பாவிக்கும் பெரிய சாமான்கள். நாற்பது பிள்ளைகளின் ஒன்பது பாடத்தைக் கூட்டி வகுக்க அவை எதற்கு? வடைக் கடைக்குக் கிரேன் கொண்டுவந்த மாதிரி. பாண்டாஸைத் தூக்கினோம். கூட்டல் வகுத்தல் எல்லாம் பைத்தனோடு சும்மா வருவதை வைத்தே. எக்ஸ்இ ஃபைலும் மெலிந்துபோனது. பென்ட்ரைவில் கொண்டுபோகிறவர்களுக்கு அது தனி நிம்மதி.

ஒரு லைப்ரரியை மட்டும் விட மறுத்தோம், ஓப்பன்-தமிழ். தமிழுக்காகவே தன்னார்வலர்கள் எழுதிய திறந்த மூல லைப்ரரி. ஏன் விடவில்லை என்பதற்கு இடாப்பைப் பாருங்கள். பெயர்களைச் சும்மா அடுக்கச் சொன்னால் கணினி யூனிகோட் எண்ணின்படி அடுக்கும். யூனிகோடில் ஃ என்ற எழுத்து அகரத்துக்கும் முன்னால் இருக்கிறது. ஆகவே பெயரை ஃபாத்திமா என்று எழுதிய பிள்ளை இடாப்பின் முதலாவது, அஸ்மாவுக்கும் முன்னால். பாத்திமா என்று எழுதிய பிள்ளை பகரத்தில், எங்கோ நடுவில். ஜகரமோ சகரத்துக்கும் ஞகரத்துக்கும் இடையில் நுழைந்து நிற்கும். ழகரமும் ளகரமும் இடம் மாறி நிற்கும். எங்கள் பாடசாலைகளில் ஃ, ஜ, ஸ, ஹ இல்லாத பெயர் எத்தனை? தமிழ் நெடுங்கணக்கின் ஒழுங்கில் அடுக்க அந்த லைப்ரரி உதவுகிறது. அதற்கு பாண்டாஸ் போன்ற பாரமும் இல்லை.

ஓப்பன்-தமிழைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது பல காலம் பைத்தன் 2, பைத்தன் 3 இரண்டிலும் ஓடும்படி எழுதப்பட்டிருந்தது. எவ்வளவு சிரமம் என்று நிரல் எழுதியவர்களுக்குத் தெரியும். பைத்தன் 2 இன் சாதாரணச் சரத்தில் "அ" என்று எழுதி நீளம் கேட்டால் 3 என்று சொல்லும். அது எழுத்தை எண்ணவில்லை, பைட்டை எண்ணுகிறது. பைத்தன் 3 இல் 1 என்று சரியாகச் சொல்லும். ("கோ" என்றால் 2 என்று சொல்லும். ககரம் ஒன்று, ஓகாரக் குறி ஒன்று. அங்கேதான் மறுபடி ஓப்பன்-தமிழ் தேவைப்படுகிறது.) 2020 ஜனவரி 1 உடன் பைத்தன் 2 முடிந்தது. அந்தக் கோட்டை உயர்த்தியதால் தமிழுக்குக் கிடைத்தது பெரிது. பழைய மெஷினில் இருந்தவர்கள் ஒரு தடவை சிரமப்பட்டார்கள், அந்தச் சிரமத்துக்குக் கூலி இருந்தது. எங்கள் ரிமூவ்ப்ரிஃபிக்ஸுக்கு என்ன கூலி? அரை வரி மிச்சம். அதற்காக ஒரு தோட்டப் பாடசாலையை வெளியே நிறுத்தினோம்.

அன்று மிஸ்ஸின் வீட்டில் எங்கள் மண்டையில் ஏறியது இதுதான். வேர்ஷனை உயர்த்துவது பிழையில்லை, உயர்த்தாமல் இருப்பது புண்ணியமும் இல்லை. உயர்த்தினால் என்ன கிடைக்கிறது, யார் விழுகிறார்கள் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். நாங்கள் ஒரு அப்பியாசக் கொப்பியில் உண்மையாகவே அப்படி எழுதினோம். பாவிக்கும் பாடசாலைகளுக்கு ஒவ்வொன்றாக அழைத்து, என்ன விண்டோஸ், 32 ஆ 64 ஆ, ரேம் எவ்வளவு என்று கேட்டுக் குறித்தோம். மென்பொருளைக் கொடுத்து இவ்வளவு காலமாகியும் இதை ஒருவரிடம்கூடக் கேட்டிருக்கவில்லை.

பெரிய இடங்களிலும் இப்படித்தான் நடக்கிறது. லினக்ஸ் கேர்னலைக் கட்ட ஆகக்குறைந்த கம்பைலர் எது என்று அதன் ஆவணத்தில் ஒரு பட்டியலே வைத்திருக்கிறார்கள். ஜிசிசி 5.1 ஆக இருந்தது, 2025 இல் 6.16 உடன் 8.1 ஆகியது. டெபியன் 10, ரெட் ஹெட் 8 போன்ற பழைய வெளியீடுகளிலேயே ஜிசிசி 8 இருக்கிறது. அதனால் உயர்த்தியதில் பெரிதாக யாரும் விழவில்லை. சில நேரம் காரணம் வேறு. 2021 இல் ஆர்ம் 64 பிட் மெஷின்களுக்கு ஜிசிசி 5.1 க்குக் கீழே வேண்டாம் என்றார்கள், பழைய கம்பைலர் அந்த மெஷின்களுக்குப் பிழையான நிரலைக் கட்டிக் கொடுத்ததால். அப்படியான காரணம் வந்தால் நாங்களும் ஒரு நாள்கூடத் தயங்க மாட்டோம்.

ரம்புக்கனைக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க இவ்வளவு பேச்சுத் தேவையில்லை. நம்முடைய ஸ்டேஷன் வரை ரயிலுக்கு லேசு. இங்கிருந்து கடுகண்ணாவை வரைதான் ஏற்றம். கரிக்கோச்சிக் காலத்தில் இங்கே பின்னால் இன்னொரு எஞ்சினைக் கொளுவித் தள்ளி ஏற்றினார்கள். எத்தனை பெட்டி என்பதைக் கொழும்புக் கோட்டையின் சமதரையைப் பார்த்து முடிவெடுத்தால் ரயில் மலையில் நின்றுவிடும்.

சரி, முடிவு.

பைத்தன் 3.8, 32 பிட். இதுதான் எங்கள் ஆகக்குறைந்தது. கிட்ஹப்பில் முதல் வரியிலேயே எழுதிவிட்டோம். பைத்தனில் நேரடியாக நிறுவுபவர்களுக்காக, "3.8 அல்லது அதற்கு மேல்" என்ற வரியையும் பொதியில் சேர்த்தோம். அந்த வரி இருந்தால், அதைவிடப் பழைய பைத்தன் உள்ள மெஷினில் நிறுவி வந்து பிறகு உடைவதற்குப் பதிலாக, நிறுவும்போதே மறுத்துவிடும். அடுத்த வருட மூன்றாம் தவணை அறிக்கை எடுத்து முடியும் வரை இந்தக் கோடு அசையாது. அதற்குப் பிறகு உயரும். நாளை முன்கூட்டியே சொல்லிவிட்டோம், யாரும் அறிக்கை எடுக்கும் கிழமையில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று.

தம்பிக்கு இன்னும் முழுத் திருப்தியில்லை. அவர் பயம் நியாயமானது. விண்டோஸ் 7 இல் இருங்கள், பரவாயில்லை என்று நாங்கள் சொல்வதுபோல் ஆகிவிடுமே என்கிறார். ஆகவே ஒரு நிபந்தனை வைத்தோம். விண்டோஸ் 7 மெஷினில் பாவிப்பவர்கள் அதை இன்டர்நெட்டில் இணைக்க வேண்டாம். பென்ட்ரைவை வேறு மெஷினில் ஸ்கேன் பண்ணிவிட்டுப் போடுங்கள். அந்த மெஷின் புள்ளிக்கு மட்டும்.

தம்பிதான் இன்னொரு வழியும் கண்டுபிடித்தார். டெபியன் 13 ஐ 32 பிட் மெஷினில் நிறுவ முடியாது, ஆனால் டெபியன் 12 ஐ முடியும். அதில் வருவது பைத்தன் 3.11. ஆக, ஒரு சதமும் செலவழிக்காமல், அதே பழைய மெஷின் 3.8 இலிருந்து 3.11 க்கு ஏறுகிறது. கோட்டை இறக்கிக்கொண்டே இருப்பதைவிட மெஷினை ஏற்றிவிடலாம். தோட்டப் பாடசாலைச் சேரிடம் சொன்னோம். முதலில் கேட்டது, "அதுல நம்ம கீபோர்டு வருமா சேர்?" வரும். ரெங்கநாதன் விசைப்பலகை அங்கேயும் உண்டு. இரண்டாவது கேள்விதான் கஷ்டம். பாமினியில் அடித்த பழைய கடிதங்கள், வலயத்திலிருந்து வரும் எக்செல் படிவங்கள் ஒழுங்காகத் திறக்குமா? திறக்கும், ஆனால் எல்லாம் அச்சொட்டாக இருக்கும் என்று சத்தியம் பண்ண முடியாது. ஒரு மெஷினில் மட்டும் போட்டுப் பார்க்கலாம் என்றார். இன்ஷா அல்லாஹ், அடுத்த விடுமுறையில் போகிறோம்.

இன்னொரு விஷயம். எங்கள் பாடசாலைக் களஞ்சியத்தில் தூசி பிடித்துக் கிடந்த ஒரு பழைய டெஸ்க்டொப்பை எடுத்தோம். விண்டோஸ் 7, 32 பிட், 2 ஜிபி ரேம். நாங்கள் கல்வியியற் கல்லூரியில் இருந்தபோது விண்டோஸ் 7 புத்தம் புதுசு. அதன் சுவர்ப்படத்தைப் பார்க்கவே லேப்புக்குப் போவோம். இப்போது எது செய்தாலும், வெளியே விடுவதற்கு முன் அந்த மெஷினில் ஒரு வகுப்பின் முழு இடாப்பையும் ஓட்டிப் பார்க்கிறோம். பாண்டாஸைத் தூக்கியபின் செய்த முதல் ஓட்டத்திலேயே இரண்டு பிழை அகப்பட்டது. ஓ எல் பிள்ளைகள் அதற்கு உம்மம்மா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். "சேர், உம்மம்மா எழும்பிட்டா" என்றால் மெஷின் ஓன் ஆகிவிட்டது என்று அர்த்தம். நாலரை நிமிடம் எடுக்கும்.

இப்போது உங்களிடம் கேட்பது. இந்த மென்பொருளைப் பாவிப்பவர்கள், பாவிக்க நினைப்பவர்கள், மத்ரஸாவோ அறநெறி வகுப்போ டியூஷன் வகுப்போ எதுவானாலும் சரி, உங்கள் மெஷினில் விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அமத்துங்கள். வரும் சின்னப் பெட்டியில் டபிள்யூ, ஐ, என், வி, ஈ, ஆர் என்று அடித்து என்டர் கொடுங்கள். என்ன விண்டோஸ் என்று அதில் வரும். அதைப் படம் பிடித்துக் கீழே போடுங்கள். ஊர்ப் பெயர் மட்டும் போதும், பாடசாலைப் பெயர் வேண்டாம். விண்டோஸ் 7 என்று வந்தால் வெட்கப்பட வேண்டாம். கொப்பியில் உங்களுக்கும் ஒரு வரி விட்டு வைத்திருக்கிறோம்.